அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்: எந்தப் போன் வாங்கித் தருவது?

கேள்வி | 12 மே 2024

அம்மாவுக்கு 71 வயது. தென்காசி பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். நானும் தம்பியும் வெளியூரில். இதுவரை பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். நல்ல ஸ்மார்ட்போனாக ஒன்று வாங்கித் தரலாம் என்று இருக்கிறோம். ஆபத்து என்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், இருக்கிற இடம் உட்பட எல்லாத் தகவலும் தானாகவே போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் போய்விடும் என்று கடைக்காரர் சொல்கிறார். அப்படி ஒரு போன் அம்மா கையில் இருந்தால் நாங்கள் நிம்மதியாக இருக்கலாம். எந்த மாடல் நல்லது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் | 12 மே 2024, இரவு

மாடலைப் பிறகு பார்ப்போம். கடைக்காரர் சொன்னதில் பாதிதான் உண்மை. அந்தப் பாதியும் ஸ்மார்ட்போனுக்கு மட்டும் உரியது இல்லை.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகுதான் அவசர உதவிக்கு நாடு முழுவதும் ஒரே எண் வேண்டும், போனிலேயே ஒரு பொத்தான் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 2016-இல் மத்திய அரசு விதி போட்டது. 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் எந்தக் கைப்பேசியிலும் அவசரப் பொத்தான் இருக்க வேண்டும். பட்டன் போனில் 5 அல்லது 9 என்ற எண்ணை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை வேகமாக மூன்று முறை அழுத்த வேண்டும். அழைப்பு அந்த ஒரே எண்ணான 112-க்குப் போகும். உங்கள் அம்மாவின் பட்டன் போன் 2017-க்குப் பிறகு வாங்கியது என்றால் அந்த வசதி அதிலேயே இருக்க வேண்டும். ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் அதைப் பாருங்கள். 5-ஐயோ 9-ஐயோ வேறு யாருடைய எண்ணுக்காவது விரைவு அழைப்பாக வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

இடம் தானாகப் போகும் என்பது தனிக் கதை. நாளை எழுதுகிறேன்.

13 மே 2024

அம்மா 112 என்று எண்ணை அழுத்திப் பேசினால், தொலைபேசி நிறுவனம் டவரை வைத்துக் கணக்கிட்ட தோராயமான இடம்தான் கட்டுப்பாட்டு அறைக்குக் கிடைக்கும். நகரத்தில் டவர்கள் நெருக்கமாக இருப்பதால் அது ஓரளவு உதவும். கிராமத்தில் ஒரே டவரின் எல்லைக்குள் நான்கு ஊர்களும் அவற்றின் வயல்களும் அடங்கிவிடும். அந்த வட்டத்துக்குள் உங்கள் அம்மாவின் வீடு எது என்று டவருக்குத் தெரியாது.

செயலி வழியாகக் கூப்பிட்டால் நிலைமை வேறு. ‘112 இந்தியா’ செயலியும், தமிழ்நாடு காவல் துறை 2022-இல் கொண்டுவந்த ‘காவல் உதவி’ செயலியும் ஜிபிஎஸ் காட்டும் இடத்தை அனுப்பும். காவல் உதவியில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது, அதை அழுத்தினால் போதும். கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கும், இரவுப் பணி முடிந்து திரும்புகிறவர்களுக்கும் அதைக் கட்டாயம் சொல்வேன். ஆனால் அந்தச் செயலி வேலை செய்ய இணையம் திறந்திருக்க வேண்டும், இருப்பிட அனுமதி கொடுத்திருக்க வேண்டும், முதலிலேயே பதிவு செய்திருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்துவிடும் என்று இணையத்தை அணைத்தே வைத்திருக்கும் 71 வயது அம்மாவிடம் இத்தனையும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு நீங்கள் வெளியூரில் தூங்க முடியாது.

கடைக்காரர் எங்கோ வெளிநாட்டுச் செய்தியைப் படித்திருப்பார் என்று நினைக்கிறேன். பிரிட்டனில் 2014-இல் ஒரு முறையைத் தொடங்கினார்கள். அவசர எண்ணை அழுத்திய உடனே போன் தானாகவே ஜிபிஎஸ்ஸையும் வைஃபையையும் இயக்கி, இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு குறுஞ்செய்தியாகக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிவிடும். பேசுகிறவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. 2016-இல் கூகுள் ஆண்ட்ராய்டு போன்களிலும், 2018-இல் ஆப்பிள் ஐபோன்களிலும் இதைச் சேர்த்தன. போனில் இருந்தால் மட்டும் போதாது. அந்தத் தகவலை வாங்கிக்கொள்ளக் கட்டுப்பாட்டு அறையும் தொலைபேசி நிறுவனங்களும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். விலை கூடிய போனை வாங்கி அந்த ஏற்பாட்டை நாம் தனியாகக் கொண்டுவர முடியாது.

ஆகவே அம்மா வாயால் சொல்ல வேண்டும், அல்லது அவருக்காக வேறு யாராவது சொல்ல வேண்டும்.

14 மே 2024

எப்படிச் சொல்வது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் 108 ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. அழைப்பை எடுப்பவர் உங்கள் ஊரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ‘மேலத்தெரு, பிள்ளையார் கோயில் பக்கம்’ என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. மேலத்தெருவும் பிள்ளையார் கோயிலும் இல்லாத ஊர் எது? அவர்கள் கேட்கும் வரிசை மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, அடையாளம். பதற்றத்தில் இருக்கிறவர்கள் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். நேரம் அங்கேதான் போகிறது.

என் அம்மா வீட்டில் தினசரி நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. அதில் கறுப்பு மையில் பெரிய எழுத்தில் இதே வரிசையில் எழுதியிருக்கிறேன். திருநெல்வேலி மாவட்டம், அம்பாசமுத்திரம் தாலுகா, ஊர்ப் பெயர், தெரு, கதவு எண். அடுத்து, பிரதான சாலையிலிருந்து எங்கே திரும்ப வேண்டும், ஆம்புலன்ஸ் எந்த வழியாக உள்ளே வர முடியும். எங்கள் தெருவுக்குக் கிழக்குப் பக்கமாக வந்தால் கார்கூட நுழையாது, நீர்த்தேக்கத் தொட்டி இருக்கும் பக்கமாகத்தான் வர வேண்டும். இதை எழுதி வைக்காவிட்டால் வண்டி தவறான முனையில் வந்து நிற்கும். பிறகு பின்னால் எடுத்துச் சுற்றி வர வேண்டியிருக்கும். அதற்கும் கீழே அம்மாவின் மாத்திரைகள், சர்க்கரை நோய் உண்டு என்ற தகவல், எங்கள் எண்கள்.

இரவில் கண்ணுக்குத் தெரியும் அடையாளமாக இருக்க வேண்டும். ‘முன்னாள் தலைவர் வீட்டுக்கு எதிரே’ என்பது ஊர்க்காரர்களுக்கு மட்டும் அடையாளம். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி இவையெல்லாம் ஓட்டுநருக்குத் தெரியும்.

15 மே 2024

ஒன்று விட்டுப்போயிற்று. 108-க்குச் சொன்ன பிறகு அந்தப் போனைச் சும்மா வையுங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநரோ மருத்துவ உதவியாளரோ வழி கேட்டு அதே எண்ணுக்குத் திருப்பி அழைப்பார்கள். நம் வீடுகளில் நடப்பது என்ன? 108-க்குப் பேசி முடித்த கையோடு மகனுக்கு, மகளுக்கு, மைத்துனருக்கு, சம்பந்தி வீட்டுக்கு என்று வரிசையாகப் பேசுகிறோம். ஓட்டுநர் அழைத்தால் லைன் பிஸி. உறவினருக்குச் சொல்ல வேறு போனை எடுங்கள்.

தெரியாத எண்களை ஒலிக்காமல் தடுக்கும் வசதியை அம்மா போனில் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஓட்டுநரின் எண் நமக்குத் தெரியாத எண்தான்.

19 மே 2024

‘அம்மாவால் பேச முடியாவிட்டால் நான் பெங்களூரிலிருந்து 108-ஐ அழைத்துக்கொள்கிறேன்’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நானும் பெங்களூரில்தான் இருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: அது நடக்காது. 108 சேவை 2005-இல் ஐதராபாத்தில் தொடங்கி, 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. கர்நாடகத்துக்கும் வந்தது. எல்லா இடத்திலும் எண் ஒன்றுதான். ஆனால் அழைப்பு நீங்கள் நிற்கும் மாநிலத்தின் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். 112-உம் அப்படித்தான், மாநிலத்துக்கு மாநிலம் தனி அறை. பெங்களூரில் அழுத்தினால் கர்நாடகம் எடுக்கும். துபாயில் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு வேண்டியவை சாதாரண எண்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தின் தொலைபேசி எண், ஆரம்ப சுகாதார நிலையம், ஊரில் ஆட்டோ வைத்திருப்பவர், பக்கத்து ஊர்த் தனியார் ஆம்புலன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தெருவிலேயே இருக்கிற இரண்டு மூன்று பேர். அவர்கள் அங்கிருந்து 108-ஐ அழுத்தினால் சரியான இடத்துக்குப் போகும். ஊர்க்காரர்களின் எண்கள் உங்கள் போனில் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். பலரிடம் கல்யாண மண்டப எண் இருக்கிறது, எதிர்வீட்டு எண் இல்லை.

26 மே 2024

நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று கேட்பவர்களுக்காக.

என் அம்மா புறவாசலில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அசைய முடியவில்லை. தம்பி வாங்கித் தந்த நல்ல ஸ்மார்ட்போன் முன் அறையில் சார்ஜில் இருந்தது. அவசரத் தொடர்பு எண்கள், இருப்பிட அனுமதி, எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தோம். அம்மா கூப்பிட்ட குரல் தெருவுக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மோட்டார்தான் காப்பாற்றியது. மேல் தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் நடை வழியாகத் தெருவுக்கு வந்துவிட்டது. அம்மா தண்ணீரை வீணாக விடுகிறவர் இல்லை என்பது எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரியும். சந்தேகப்பட்டு உள்ளே வந்தார். 108-க்குப் பேசியதும் அவர்தான், தன்னுடைய பட்டன் போனில்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மாறியவை இரண்டு. போன் இப்போது அம்மாவின் இடுப்பில், சுருக்குப் பையில் இருக்கிறது. வெற்றிலைக்குப் பக்கத்தில். குளிக்கப் போனாலும் அந்தப் பை கதவுக் கொக்கியில் எட்டும் உயரத்தில் தொங்கும். ஸ்மார்ட்போன் அந்தப் பையில் அடங்கவில்லை, அதனால் பட்டன் போனுக்கே திரும்பினோம்.

இன்னொன்று மிஸ்டு கால். காலையில் காப்பி குடித்ததும் அம்மா எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஏழு மணிக்குள் வரவில்லை என்றால் நான் அழைப்பேன். எடுக்கவில்லை என்றால் எதிர்வீட்டு அக்காவை அழைப்பேன். அவரிடம் மாற்றுச் சாவி இருக்கிறது. விழுந்தவர் எதையும் அழுத்தத் தேவையில்லை. அழைப்பு வராததே எனக்குத் தகவல்.

அம்மாவுக்கு இதில் சங்கடம் எதுவும் இல்லை. கேமரா வைக்கலாம் என்று தம்பி சொன்னபோது மறுத்துவிட்டார். தன் வீட்டுக்குள் தன்னை யாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றார். அவர் சொன்னது நியாயம்.

27 மே 2024

மாற்றுச் சாவி பற்றி ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். வீட்டுக்குள் தனியாக இருக்கும் பெண்மணி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் வெளியில் இருப்பவரிடம் சாவி இருந்து என்ன பயன்? உண்மை. கொல்லைக் கதவில் இரு பக்கமும் சாவியால் திறக்கும் பூட்டு போட்டு, அந்தக் கதவுக்கு மட்டும் உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டோம். எதிர்வீட்டில் இருப்பது அந்தச் சாவி.

இரவைப் பற்றியும் கேட்டார். காலை மிஸ்டு கால் மட்டும் என்றால், மாலை விழுந்தவர் விடியும் வரை கிடக்க நேரும். அதனால் இரவு படுக்கப் போகும் முன் நான் ஒருமுறை பேசுவேன். இடையில் இருக்கும் இரவு நேரத்துக்கு என்னிடம் இதைவிட நல்ல வழி இல்லை. போன் தலையணைக்கு அருகில் இருக்கிறது, சார்ஜ் கம்பி கட்டில் வரை எட்டுகிறது.

2 ஜூன் 2024

கைக்கடிகாரம் வாங்கலாமே என்கிறார்கள் இருவர். ஆப்பிள் கடிகாரத்தில் 2018 முதல் விழுந்தால் உணரும் வசதி இருக்கிறது. விழுந்தவர் ஒரு நிமிடம் வரை அசையாமல் கிடந்தால் அதுவே அவசர எண்ணை அழைக்கும், வீட்டாருக்கும் செய்தி அனுப்பும். பயனர் வயது 55-க்கு மேல் என்று பதிந்திருந்தால் அந்த வசதி தானாகவே இயங்கத் தொடங்கும். நல்ல பொருள்தான். தினமும் சார்ஜ் போடவும், பக்கத்தில் போன் வைத்துக்கொள்ளவும், கையிலிருந்து கழற்றாமல் இருக்கவும் பழகியவர்களுக்கு வாங்கித் தரலாம். என் அம்மா கையில் வளையல்தான் இருக்கும். அடுப்படியிலும் துணிக்கல்லிலும் கழற்றி வைக்கிற பொருளை நம்பி நான் இருக்க முடியாது. உங்கள் அம்மா எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

9 ஜூன் 2024

தெரியாமல் அழுத்திவிட்டால் போலீஸ் வந்துவிடுமா என்ற பயத்தில் அவசரப் பொத்தானையே முடக்கிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். முடக்க வேண்டாம். தவறுதலாகப் போகும் அழைப்பு எல்லா நாட்டிலும் உண்டு. 2023-இல் பிரிட்டனில் ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதி பரவியபோது, பைக்குள்ளும் சட்டைப்பைக்குள்ளும் தானாக அழுந்திய அழைப்புகள் அந்நாட்டு அவசர எண்ணான 999-இல் குவிந்தன. அங்கே காவல் துறை வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: அழைப்பு போய்விட்டால் துண்டிக்காதீர்கள், தவறாகப் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பேசாமல் துண்டித்தால் உண்மையிலேயே யாராவது ஆபத்தில் இருக்கிறார்களோ என்று அவர்கள் திருப்பி அழைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அங்கே இன்னொரு ஏற்பாடும் உண்டு. வீட்டுக்குள்ளேயே அடிக்கிறவன் இருக்கும்போது ஒரு பெண் வாய் திறந்து பேச முடியாது. கைப்பேசியில் 999-ஐ அழைத்துவிட்டு, குரல் கேட்கும்போது 55 என்று அழுத்தினால் போதும், அழைப்பு காவல் துறைக்குப் போய்விடும். பேச முடியாதவரையும் கணக்கில் வைத்து யோசித்திருக்கிறார்கள். நம் கட்டுப்பாட்டு அறைகளும் இதைப் படிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நம்மிடம் பெண்களுக்கு 181 இருக்கிறது, குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது. இரண்டும் பேசக்கூடியவர்களுக்குத்தான்.

17 ஜூன் 2024

கேள்வி கேட்டவருக்கு ஒன்று. அம்மாவைப் பற்றியே பேசுகிறோம், பைக்கில் வேலைக்குப் போகிற உங்கள் போன் எப்படி இருக்கிறது? சாலையில் விழுந்தால் உங்களைத் தூக்குகிறவர் கையில் கிடைப்பது பூட்டிய போன். திரையைத் திறக்காமலே தெரியும் அவசரத் தகவல் என்ற பகுதி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது. இரத்த வகை, ஒவ்வாத மருந்து, யாரை அழைக்க வேண்டும் என்பதை அதில் எழுதி வையுங்கள். ‘மகன்’, ‘மனைவி’ என்று உறவைச் சேர்த்துப் போடுங்கள். ‘செல்லம்’ என்று பதிந்திருந்தால் யார் என்று தூக்கியவருக்குத் தெரியாது.

தூக்குகிறவர் நீங்களாக இருந்தால் பயப்பட வேண்டாம். விபத்தில் உதவியவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவு இருக்கிறது. பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பணம் யார் கட்டுவது என்ற தயக்கத்தில் 108-ஐ அழைக்காமல் சுற்றி நிற்காதீர்கள். அந்த நேரத்தில் போனை எடுத்து வீடியோ பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

23 ஜூன் 2024

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய சகோதரிக்கு: உங்கள் பக்கம் ஆம்புலன்ஸ் எண் 1990, சேவையின் பெயர் சுவசெரிய. இந்திய உதவியுடன் 2016-இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018-இல் வடக்குக்கு வந்தது. போலீசுக்கு 119. அட்டை எழுதி வைக்கும் யோசனை அங்கேயும் பொருந்தும். நீங்கள் சொன்னதுபோல் பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் வீடுகளில், பக்கத்து வீட்டாரின் எண்தான் முதலில் வேண்டும்.

31 ஜூலை 2024

வயநாட்டுச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று அதிகாலை முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மண் சரிந்தபோது உள்ளே சிக்கியவர்கள் போனில் பேசியிருக்கிறார்கள். அந்தக் குரல்களைத் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். கேட்க முடியவில்லை. போன் வேலை செய்தது, எங்கே இருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது, முண்டக்கைக்குப் போகும் பாலம் இல்லை.

4 ஆகஸ்ட் 2024

வயநாட்டுக்குப் பிறகு பேச்சு வெள்ளத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. எங்கள் பக்கத்து வெள்ளத்தைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரு கரையும் புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. என் சித்தி ஏரலில் இருக்கிறார். முதல் நாள் மாலை வரை பேசினோம். பிறகு மின்சாரம் போனது. கொஞ்ச நேரத்தில் டவரும் போனது. டவர் என்பது மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் போனால் பேட்டரி, பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் கொண்டுவரும் சாலையில் வெள்ளம் ஓடும்போது டவர் அணைந்துவிடும். நாள் கணக்கில் சித்தியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்தோம். மொட்டை மாடியில் அடுத்த வீட்டாரோடு இருந்திருக்கிறார். அவர்களில் ஒருவர் சிக்னல் கிடைக்கும் இடம்வரை வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அதிலிருந்து நான் தெரிந்துகொண்டவை. மழை எச்சரிக்கை வந்த உடனே எல்லாப் போனையும் பவர் பேங்கையும் நிரப்பி, ஒரு போனை அணைத்து பிளாஸ்டிக் உறையில் கட்டி மேலே வையுங்கள். பேச்சு போகாத நேரத்திலும் சாதாரண குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும், சிக்னல் ஒரு நொடி வந்தால் அதற்குப் போதும். திரையில் ‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்று வந்தால் போன் செத்துவிட்டது என்று வைத்துவிடாதீர்கள். உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லை, வேறு நிறுவனத்தின் டவர் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். 112 அந்த டவர் வழியாகப் போகும்.

முன்கூட்டியே எச்சரிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 2023-இல் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் பெரிய சத்தத்தோடு அலறியது நினைவிருக்கும், சோதனைச் செய்தி என்று வந்தது. அது குறுஞ்செய்தி இல்லை. டவர் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்புவது. யாருடைய எண்ணும் தேவையில்லை, லைன் நெரிசலில் சிக்காது. அதை எரிச்சலோடு அணைத்து வைத்தவர்கள் தயவுசெய்து அமைப்புக்குள் போய் மறுபடியும் இயக்குங்கள்.

2004 சுனாமியின்போது இது எதுவும் இல்லை. ஆனால் ஒரு போன் அழைப்பு ஒரு ஊரையே காத்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவக் கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அழைத்திருக்கிறார். அந்த வீட்டோடு செய்தி நின்றிருந்தால் ஒரு குடும்பம் மட்டும் ஓடியிருக்கும். அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையமும் அதில் ஒலிபெருக்கியும் இருந்தன. ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்த ஊர் மேட்டுக்கு ஏறிப் பிழைத்தது. ஒருவருக்கு வந்த தகவல் ஊர் முழுவதற்கும் போய்ச் சேர வழி இருந்தது என்பதை நான் இங்கே குறித்துக்கொள்கிறேன். கோயிலிலும் மசூதியிலும் மாதா கோயிலிலும் ஒலிபெருக்கி இருக்கிறது. வெள்ளக் காலத்தில் அதன் பொறுப்பு யாருடையது, அவர் எண் என்ன என்று உங்கள் ஊரில் யாருக்காவது தெரியுமா?

28 அக்டோபர் 2024

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், ஆனால் தனியாக இருக்கும் அம்மாக்களுக்கு இதுவும் ஆபத்துதான். ‘டிஜிட்டல் கைது’ என்று வீடியோவில் போலீஸ் உடுப்போடு வந்து மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். நேற்று பிரதமர் வானொலியில் இதைப் பற்றியே பேசினார். நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று எதுவும் கிடையாது. போலீஸ் யாரையும் வீடியோவில் கைது செய்வதில்லை. பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க முடியும்.

இந்த ஆட்கள் முதலில் சொல்வது ‘யாரிடமும் பேசாதே, லைனைத் துண்டிக்காதே’ என்பதுதான். பயந்த மனிதரைத் தனியாக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அம்மாவிடம் நான் சொல்லி வைத்திருப்பது: யார் மிரட்டினாலும் போனை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுங்கள். லைனைத் துண்டிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுந்து நடந்தால் போதும்.

10 நவம்பர் 2024

கேள்வி கேட்டவர் தீபாவளிக்கு ஊருக்குப் போய் அட்டை எழுதி மாட்டியிருக்கிறார், பக்கத்து வீட்டில் சாவி கொடுத்திருக்கிறார், காலை மிஸ்டு காலும் தொடங்கிவிட்டது. மகிழ்ச்சி. ‘இப்போதாவது மாடலைச் சொல்லுங்கள்’ என்று கேட்கிறார். சொல்கிறேன்.

பெரிய எழுத்து, பெரிய பொத்தான், சத்தமான மணி, டார்ச், எஃப்எம் வானொலி உள்ள பட்டன் போன். டார்ச்சை அலட்சியமாக நினைக்காதீர்கள். 2003-இல் நோக்கியா 1100 டார்ச்சோடு வந்தபோது எங்கள் ஊரில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் அதற்காகவே வாங்கினார்கள். இரவில் பாம்பை மிதிக்காமல் புறவாசலுக்குப் போய்வருவதும் பாதுகாப்புதான். வானொலி வெள்ளக் காலத்தில் டவர் அணைந்த பிறகும் பேசும்.

நிறுவனத்தின் பெயரைவிட இரண்டு காரியங்கள் முக்கியம். ஒன்று, வாங்கும் முன் யாருடைய போனையாவது எடுத்துக்கொண்டு அம்மாவின் வீட்டில் அடுப்படி, குளியலறை, கிணற்றடி என்று நின்று எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது என்று பாருங்கள். 4ஜி மட்டும் தரும் நிறுவனம் என்றால் போனும் 4ஜி பட்டன் போனாக இருக்க வேண்டும். திண்ணையில் முழுச் சிக்னல் காட்டிவிட்டுக் கிணற்றடியில் ஒன்றுமில்லாமல் போகும் சிம் வேண்டாம்.

இரண்டு, ரீசார்ஜ். கெடு முடிந்துவிட்டால் சில நாட்களில் உள்ளே வரும் அழைப்பையும் நிறுத்திவிடுவார்கள். 112-க்கு அழைப்பு போனாலும் வழி கேட்டுத் திருப்பி அழைக்கும் ஓட்டுநரின் அழைப்பு அந்தப் போனுக்கு வராது. அம்மாவிடம் விடாமல், வருட ரீசார்ஜை உங்கள் கணக்கிலிருந்து போட்டு, முடியும் தேதியை நீங்களும் தம்பியும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.